அடுத்த இடத்துக்கு மட்டும்: மணிகள் இடம் மாறும் கலை

கேகாலை மாவட்டத்தில் நான் பிறந்த றப்பர் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்து ஓரத்தில் ஒரு பலாமரம் உண்டு. அதில் முறுக்குக் கம்பியில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியுமுன் காவற்காரர் இரும்புக் கம்பியால் அதை அடிப்பார். முதலில் நிறுத்தி நிறுத்தி ஐந்தாறு அடி. பிறகு கணகணவென்று ஒரே மூச்சில். லயக் குடியிருப்பு முழுக்க அந்தச் சத்தத்தில் விளக்கேற்றும். அதற்கு முந்திய தலைமுறைக்குத் தண்டவாளம் கிடையாது, தப்புத்தான். “தப்பு கேட்ட பொறகு எழும்புறவளுக்கு அரைப்பேருதான்” என்பார் அப்பாயி. பெரட்டுக்குப் பிந்தினால் முழுநாள் வேலை செய்தாலும் செக்றோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் பாதிப் பெயர் விழுந்த காலம் அவருடையது.

றப்பர் தோட்டத்தில் இருட்டோடு இறங்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறையும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டே இல்லை. அன்று தண்டவாளமும் பேசாது. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டும். சப்ரகமுவ றப்பர்த் தோட்டக் குடும்பங்களுக்கு அந்தக் காலை மௌனம் சம்பளமில்லாத நாள் என்பதன் அறிவிப்பு.

தமிழில் மணி என்றால் அடிக்கும் மணியும் அதுதான், நேரமும் அதுதான். எங்கள் தோட்டங்களில் அந்த இரண்டு பொருளும் இறுகிப்போய்க் கிடந்தன. மணி ஒன்று, அது சொல்லும் செய்தியும் ஒன்று. அதனால்தான் இங்கிலாந்தில் எட்டு மணிகளை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டும் வாசிக்காமல், எந்தச் செய்தியும் சொல்லாமல், வரிசையை மட்டும் மாற்றி மாற்றி மூன்று மணி நேரம் அடிப்பார்கள் என்று முதலில் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு விட முடியவில்லை. சேஞ்ச் ரிங்கிங் என்று அவர்கள் சொல்வதை இடமாற்ற மணியடி என்று இங்கே சொல்கிறேன். அதன் கணக்கு என்ன, பழக்கம் என்ன, வெள்ளைக்காரத் துரைமார் ஒன்றேகால் நூற்றாண்டு ஆண்ட எங்கள் மலைகளுக்கு அது ஏன் வந்து சேரவில்லை, அதற்கு உறவான எதுவும் எங்களிடம் இல்லையா என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

சப்ரகமுவவில் மணிக்கும் கொட்டுக்கும் பஞ்சமில்லை. தோட்டமும் சிங்களக் கிராமமும் வேலியில்லாமல் பின்னிக் கிடக்கும் நாடு இது. மாலை நேரத்தில் மேட்டில் நின்றால் விகாரையின் மணி, மாரியம்மன் கோவில் பூசை மணி இரண்டும் காதில் விழும். இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தில் தவுல் முழங்கும். சப்ரகமுவ நடன மரபுக்கே அந்தத் தவுல்தான் உயிர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கென்று 1995-இல் தனி மறைமாவட்டம் அமைந்த கத்தோலிக்கக் கோவில்களில் மூவேளைச் செபத்துக்கு மும்மூன்றாக மூன்று தடவையும், பிறகு ஒன்பதும் அடிக்கும் வழக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பலாபத்தல வழியாக ஏறினால், சிவனொளிபாத மலை உச்சியில் ஒரு மணி. எத்தனை தடவை மலையேறினீர்களோ அத்தனை தடவை அதை அடிக்கலாம். கன்னிச்சாமிக்கு ஒரு அடி. நரைத்த தலைகள் அடிக்கும்போது கீழே படியில் நிற்பவர்கள் வாய்விட்டு எண்ணுவார்கள். நேரத்தைச் சொல்லும் மணி, பூசையைச் சொல்லும் மணி, எண்ணிக்கையைச் சொல்லும் மணி எல்லாம் இங்கே உண்டு. வரிசையைச் சொல்லும் மணி மட்டும் இல்லை.

அந்தக் கலை இரும்பிலும் மரத்திலும் இருந்துதான் பிறந்தது, ஆகவே பொறியிலிருந்து தொடங்குகிறேன். நம் கோவில் மணியில் நாக்கைக் கயிற்றால் இழுக்கிறோம். மணி அசையாது அல்லது கொஞ்சம் ஆடும். ஐரோப்பாவின் பல நாடுகளில் மணியே ஊஞ்சல்போல் ஆடும். இங்கிலாந்திலோ மணியோடு ஒரு முழுச் சக்கரத்தைப் பொருத்தினார்கள். 1600-ஐ ஒட்டிய காலத்தில் இந்தச் சக்கரம் தேறிவிட்டது. கயிறு சக்கரத்தைச் சுற்றிக் கீழே அறைக்கு இறங்கும். அடிப்பதற்கு முன் மணியை வாய் மேலே பார்க்கும்படி நிறுத்தி வைப்பார்கள். கயிற்றை இழுத்தால் மணி கவிழ்ந்து, முழுவட்டம் சுற்றி, மறுபடி வாய் மேலாக வந்து நிற்கும். அந்தச் சுற்றில் ஒரு அடி விழும். அடுத்த இழுப்பில் திரும்பி மறுபக்கம் முழுவட்டம், இன்னொரு அடி.

இப்படிச் சுற்றும் மணி சில நூறு கிலோ இருக்கும், பெரியவை டன் கணக்கில் இருக்கும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு வினாடி. அதை விருப்பம்போல் ஓட்ட முடியாது. உச்சியில் மணி தடுமாறி நிற்கும் அந்தக் கணத்தில் கொஞ்சம் பிடித்து வைத்தால் ஒரு இடம் பிந்தும். கொஞ்சம் முன்னதாக விட்டால் ஒரு இடம் முந்தும். அவ்வளவுதான். வரிசையில் மூன்றாவதாக அடித்த மணி அடுத்த சுற்றில் இரண்டாவதாக அடிக்கலாம், நான்காவதாக அடிக்கலாம், அங்கேயே நிற்கலாம். முதலாவதாகப் பாய முடியாது. இரும்பின் கனம் போட்ட இந்த ஒரே சட்டத்திலிருந்துதான் முழுக் கலையும் கிளைத்தது. பாட்டை வாசிக்க முடியாத பொறியை வைத்துக்கொண்டு அவர்கள் புலம்பவில்லை. அந்தப் பொறியால் எது முடியும் என்று தேடினார்கள்.

மூன்று மணியில் தொடங்குவோம். உயர்ந்த சுரம் 1, தாழ்ந்தது 3. 123 என்று மேலிருந்து கீழே இறங்கும் வரிசைதான் வீடு; அங்கிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்ப வேண்டும். பக்கத்துப் பக்கத்து மணிகள் மட்டுமே இடம் மாறலாம். எந்த வரிசையும் இரண்டாம் தடவை வரக் கூடாது. 123, 213, 231, 321, 312, 132, பிறகு 123. ஆறு வரிசையும் முடிந்தன. ஒவ்வொன்றையும் அதன் முந்தியதோடு வைத்துப் பாருங்கள்: எந்த மணியும் ஒரு அடிக்கு மேல் நகரவில்லை.

இந்த ஆறும் நம் இசை நூலுக்குப் புதியவை அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் இருந்த சார்ங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் சுரங்களை எத்தனை வகையாக வரிசைப்படுத்தலாம் என்று எண்ணியிருக்கிறார். மூன்று சுரத்துக்கு 6, நான்குக்கு 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040. இதற்கு அவர் வைத்த பெயர் பிரஸ்தாரம். அவருடைய ஒழுங்கில் மூன்று சுரம் இப்படி வரும்: சரிக, ரிசக, சகரி, கசரி, ரிகச, கரிச. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் திரும்ப வரவில்லை. ஆனால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ரி முதலிடத்திலிருந்து கடைசிக்குத் தாவுகிறது. தொண்டைக்கு அது பெரிதில்லை. சுழலும் மணிக்கு அது ஆகாத காரியம்.

சார்ங்கதேவர் எண்ணியதோடு நிற்கவில்லை. வரிசை ஒன்றைக் கொடுத்தால் அது பட்டியலில் எத்தனையாவது என்று சொல்லவும், எண்ணைக் கொடுத்தால் வரிசையைச் சொல்லவும் கண்டமேரு என்று ஒரு கட்டம் போட்டார். முதலாவது கணக்கு உத்திஷ்டம், இரண்டாவது நஷ்டம். ‘கசரி’ எத்தனையாவது என்று பார்ப்போம். கடைசி எழுத்து ரி. மூல வரிசையான சரிகவில் ரி கடைசியிலிருந்து இரண்டாவது. மூன்று சுரத்துக்கான கட்டத்தில் 0, 2, 4 என்று இருக்கும் எண்களில் இரண்டாவது 2. ரியை எடுத்துவிட்டால் மிச்சம் ‘கச’, மூலத்தில் ‘சக’. கடைசி எழுத்து ச, அது பின்னாலிருந்து இரண்டாவது. 0, 1 என்ற கட்டத்தில் 1. கடைசியாக மிஞ்சும் ஒற்றைச் சுரத்துக்கு 1. கூட்டினால் 4. மேலே உள்ள பட்டியலில் கசரி நான்காவதுதான். 1356-இல் நாராயண பண்டிதர் கணித கௌமுதியில் இந்தக் கலையைச் சுரத்தை விட்டுப் பிரித்துத் தனிக் கணிதமாகவே விரித்தார்.

‘நாங்கள் முன்னமே கண்டுபிடித்தோம்’ என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே 5,040-ஐத் தொட்டார்கள், ஆனால் கேட்ட கேள்வி வேறு. நம்மவர் கேட்டது: இந்த வரிசையின் எண் என்ன? மணிக்காரர் கேட்டது: இந்த வரிசையிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக வழி உண்டா? முதலாவது ஏட்டுக்கான கேள்வி, ஒருவர் உட்கார்ந்து தீர்க்கலாம். இரண்டாவதைத் தீர்க்க ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் கலையின் உயிர் அந்த அண்டை விதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நான்கு மணிக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். கம்பத்தின் உச்சியிலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும், எதிரே வருபவரை ஒருமுறை உள்ளாகவும் ஒருமுறை வெளியாகவும் தாண்டிப் போவார்கள். மேலே சடை பின்னிக்கொண்டே இறங்கும். மணிக்காரரின் அடிப்படை நடையும் அதே சாதிதான்: பக்கத்தவரைத் தாண்டு, அடுத்தவரைத் தாண்டு, ஓரத்துக்குப் போனதும் ஒரு அடி கூடுதலாக நின்று திரும்பு. 1234, 2143, 2413, 4231, 4321, 3412, 3142, 1324. எட்டு வரிசை. 1 என்ற எண் வரும் இடங்களை ஒரு நிறத்திலும் 2 வரும் இடங்களை இன்னொரு நிறத்திலும் கோடு இழுத்துச் சேருங்கள். தாளில் சடை விழும். மணிக்காரர் மனப்பாடம் செய்வது எண்களை அல்ல, இந்தக் கோட்டைத்தான். தன் கோடு எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்பது உடம்பில் ஏற வேண்டும்.

1324-க்குப் பிறகு அதே நடையில் போனால் 1234 வந்து வீட்டுக்குத் திரும்பிவிடும். 24-இல் 8 தான் ஆகியிருக்கும். அதனால் அந்த இடத்தில் ஒரு திருப்பம் வைத்தார்கள். முதல் இரண்டும் மாறாமல் கடைசி இரண்டும் மாறும்: 1342. அங்கிருந்து மறுபடி எட்டு. திரும்ப அதே திருப்பம் வைத்தால் 1423. அங்கிருந்து எட்டு. மூன்றாம் திருப்பத்தில் 1234. இருபத்துநாலும் ஒன்றுகூட மிஞ்சாமல், ஒன்றுகூடத் திரும்பாமல் முடிந்திருக்கும். இந்த முறைக்குப் பெயர் பிளெயின் பாப். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் இருபத்துநாலையும் எட்டு எட்டாக வகுத்து, ஒரு எட்டுக்கும் இன்னொரு எட்டுக்கும் பொதுவாக எதுவும் விழாது என்று கண்டதில், பிற்காலத்தில் குலக் கோட்பாடு என்று கணிதக்காரர் அழைத்த சங்கதியின் விதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில்தான் அந்தக் கோட்பாடு எழுத்தில் உருவானது. மணிக்கூண்டில் அதற்கு முன்பே கயிறு பிடித்தவர்கள் அதைக் கையாண்டுவிட்டார்கள். ஆர்தர் வைட் என்ற கணிதப் பேராசிரியர் 1996-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஃபேபியன் ஸ்டெட்மன் முதல் குலக் கோட்பாட்டாளரா என்ற கேள்விதான்.

ஸ்டெட்மன் லண்டனில் அச்சுத் தொழிலில் இருந்தவர். ரிச்சர்ட் டக்வர்த் எழுதிய டின்டினலோஜியா என்ற நூலை 1668-இல் வெளியிட்டார். 1677-இல் கம்பனலோஜியா என்ற தம் சொந்த நூலைக் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே ஒரு முறை இன்றும் அடிக்கப்படுகிறது. 1715 மே 2-ஆம் திகதி நோரிச் நகரின் புனித பேதுரு மான்கிராஃப்ட் தேவாலயத்தில் 5,040 வரிசையும் தொடர்ந்து அடித்து முடித்தார்கள். ஏழு மணி இடம் மாறும், எட்டாவதான பெரிய மணி ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் அசையாமல் விழும். சார்ங்கதேவரின் ஏழு சுரக் கணக்கு அப்படியே வெண்கலத்தில் ஒலித்த நாள் அது.

அதற்குப் பிறகு வந்த கதை மிடுக்கானது. 1751-இல் ஜோன் ஹோல்ட் என்பவர் கிராண்ட்சயர் என்ற முறையில் 5,040-க்கு ஒரு வழி கண்டு, தாம் கயிறு பிடிக்காமல் தாளைப் பார்த்துக் கட்டளை சொல்லி அடிப்பித்தார். அந்த வழியில் ‘பாப்’ என்ற வழக்கமான கட்டளைகளோடு ‘சிங்கிள்’ என்ற வேறொரு வகையும் தேவைப்பட்டது. அது இல்லாமல் முடியாதா என்று தேடினார்கள், நூறு ஆண்டுக்கு மேல். 1886-இல் டபிள்யூ. எச். தொம்சன் அது முடியவே முடியாது என்று நிறுவிக் காட்டினார். ஸ்டெட்மன் முறையில் இதே கேள்வி இழுபட்டு 1990-களில் நேர்மாறான விடை கண்டது: அங்கே முடியும். கணினிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லா வரிசைகளையும் ஒவ்வொரு தடவையும் பக்கத்து இரண்டை மட்டும் மாற்றி உண்டாக்கும் வழியை 1960-களின் தொடக்கத்தில் டிரொட்டரும் ஜோன்சனும் தனித்தனியே எழுதினார்கள். 17-ஆம் நூற்றாண்டு மணிக்காரர் அதை ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு 40,320 வரிசை. 1963 ஜூலை 27, 28-இல் லஃப்பரோ மணி வார்ப்பாலையில் எட்டுப் பேர், ஆள் மாறாமல், 17 மணி 58 நிமிடத்தில் அதை முடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு 479,001,600. இரவு பகல் விடாமல் அடித்தாலும் முப்பது ஆண்டுக்கு மேல் செல்லும்.

இது இசையா, கணக்கா? இரண்டு பக்கமும் வாதம் உண்டு. ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் பத்து நிமிடம் ஒன்றும் தட்டுப்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுரம் எங்கும் நிற்காது, கமகம் கிடையாது, தாளம் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் ஒருவர் கல்பனை சுரம் பாடும்போது கணக்கு எங்கே வந்து விழும் என்று நாம் தொடையில் விரல் வைத்துக் காத்திருப்பதில்லையா? கோர்வை முடிந்து சமத்தில் விழும்போது சபையில் எழும் அந்த மூச்சு எங்கிருந்து வருகிறது? மெட்டிலிருந்து அல்ல, அலைந்துவிட்டு வீடு சேர்ந்ததிலிருந்து. மூன்று மணி நேரம் எங்கெங்கோ போன எட்டு மணியும் கடைசி வரிசையில் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்கும்போது அதே மூச்சு எழுகிறது. ஒரே ஒரு இடத்தில் பிசகியிருந்தால் அது கிடைக்காது. இசைக்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

பழகும் விதத்திலும் நாம் கவனிக்க வேண்டியது நிறைய உண்டு. மணியைக் கட்டுப்படுத்தவே ஒருவருக்குப் பல வாரம் பிடிக்கும். கயிறு கைக்குள் இருக்கிறதா, மணி மேலே எங்கே நிற்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது, கயிற்றின் இழுவையில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் வரிசை. அறையில் வட்டமாக நிற்பார்கள். தான் எந்தக் கயிற்றுக்குப் பின்னால் இழுக்க வேண்டும் என்பதை ஏழு கயிறும் ஏறி இறங்கும் அசைவிலேயே கண்டுகொள்ள வேண்டும். தாள் பார்க்கக் கூடாது. வழி நடத்துபவரும் தன் மணியை அடித்துக்கொண்டே மற்றவர்களின் வரிசையை மனதில் வைத்துக் கட்டளை சொல்வார். பிழை விழுந்து வரிசை கலைந்தால் இரண்டரை மணி நேர உழைப்பானாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இதற்குச் சம்பளம் இல்லை, மேடை இல்லை, அடிப்பவரை ஊரார் யாரும் பார்ப்பதும் இல்லை. 1896-இல் அலிஸ் வைட் என்ற பெண், பீல் என்று அவர்கள் சொல்லும் இப்படியான நீண்ட மணியடி ஒன்றை முழுதாக அடித்தார். அதுவரை ஆண்களே நிறைந்திருந்த வட்டம் அது. 1940-இல் எதிரிப் படை இறங்கினால் மட்டுமே மணி ஒலிக்க வேண்டும் என்று இங்கிலாந்து முழுக்கக் கயிறுகளைக் கட்டிவைத்தபோது, மணிக்காரர் கைமணிகளை வைத்து வீட்டுக்குள் பழகினார்கள். கைக்கு ஒன்றாக ஒருவருக்கு இரண்டு மணி. மூன்று பேர் உட்கார்ந்தால் ஆறு. இந்தக் கைமணி வழக்கத்துக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

இனி, இங்கே ஏன் வரவில்லை என்ற கேள்வி. இங்கிலாந்தில் இப்படி அடிக்கத்தக்க கூண்டுகள் 5,000-க்கும் மேல். துணைக்கண்டத்தில் புனேயின் பஞ்ச ஹௌத் பகுதியிலுள்ள திருநாமத் தேவாலயத்தில் எட்டு மணி வைத்தார்கள். லாகூர் கதீட்ரலில் ஆறு. இலங்கையில் ஒன்றுமில்லை. கொழும்புப் புறக்கோட்டையில் கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டு இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தது, மணி ஒன்றுதான்.

செலவு, பாரம், கூண்டுக்கு வேண்டிய அத்திவாரம் என்று காரணம் அடுக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, இந்த மலைகளைத் திறந்த துரைமார் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அவர்களில் ஒருவர். ஸ்கொட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் கோவிலுக்கு வழக்கமாக ஒரே மணிதான். இடமாற்ற மணியடி அங்கே வேரே ஊன்றவில்லை. இல்லாத வழக்கத்தை அவர்கள் இங்கே கொண்டுவர முடியாது. மற்றது இன்னும் ஆழமானது. இந்தக் கலைக்கு ஒரே ஊரில் வாழும் ஆறு அல்லது எட்டுப் பேர் வாராவாரம் சமமாகக் கயிறு பிடிக்க வேண்டும். இங்கிலாந்துக் கூண்டுகளில் செருப்புத் தைப்பவரும் தையற்காரரும் பண்ணைத் தொழிலாளியும் அப்படி நின்றார்கள். இரத்தினபுரித் தோட்டத்தில் ஒரு மலைக்கு ஒரு துரை. அடுத்த துரை அடுத்த மலையில். நடுவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், அவர்களோடு துரை ஒரு வட்டத்தில் நிற்க மாட்டார். அங்கே ஒற்றை மணிக்குத்தான் வேலை இருந்தது, பெரட்டுக்குக் கூப்பிட.

கூட்டாக அடிக்கும் கலை எங்கள் பக்கம் இல்லாமலில்லை; அது தப்பில் இருந்தது. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, மாசியில் காமன் கூத்துக்கு வேறு அடி. தீயில் தோலைக் காய்ச்சி, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீளக் குச்சியுமாக நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் அடியை மாற்றுவார், மற்றவர்கள் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு இணைவார்கள். மணிக்காரர் கயிற்றைப் பார்த்துப் பிடிப்பதும் தப்புக்காரர் தோளைப் பார்த்துப் பிடிப்பதும் ஒரே வித்தை. ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை மறைக்க எனக்கு மனமில்லை. மணிக்கயிறு விரும்பியவர் பிடிப்பது. தப்பு ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்த கடமை. பெரட்டுக்கும் சாவுக்கும் அடித்தவர்களைக் களத்தின் ஓரத்திலேயே நிற்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் படித்து வந்து குச்சியைக் கீழே போட்டது நியாயம். இன்று மலையக இளைஞர்கள் சாதி பாராமல் அதே கருவியைப் பறை என்று பெயர் சொல்லி மேடையில் எடுத்திருக்கிறார்கள். கடமை கழன்ற பிறகுதான் அது அவர்களுக்குக் கலையாகிறது. இங்கிலாந்துக் கூண்டில் முதலிலிருந்தே வாய்த்த அந்தச் சுதந்திரம் இங்கே இப்போதுதான் கைக்கு வருகிறது.

சென்ற ஆண்டு லீவுக்கு ஊருக்குப் போனபோது, தை மாதக் கோலாட்டத்துக்குப் பழகிக்கொண்டிருந்த நாலு பிள்ளைகளை உட்கார்த்திவைத்து ஒரு சோதனை செய்தேன். கைமணிக்குப் பதில் ஒரு பூசை மணி, ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு பித்தளைச் செம்பு, ஒரு தேய்ந்த வெண்கலச் சட்டி. சத்தம் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கு 1, 2, 3, 4. எண்ணைச் சொல்லிக் கொடுத்தபோது அவர்களுக்கு ஏறவில்லை. மூன்றாம் வரிசையிலேயே டம்ளரும் செம்பும் மோதிக்கொண்டன. பிறகு எண்ணை விட்டுவிட்டு, எழுந்து நின்று நடந்தே மாறச் சொன்னேன்: தாண்டு, தாண்டு, ஓரத்தில் நில்லு, திரும்பு. கோலாட்டக்காரிகளுக்கு அது உடனே பிடிபட்டது. நடந்துகொண்டே அடித்தார்கள். எட்டு வந்தது. மூன்றாம் நாள் மாலையில் இருபத்துநாலும் வந்தது.

ஆனால் வரிசை எங்கே முடிகிறது என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. நாலு சத்தமும் ஓடிக்கொண்டே இருந்தன. நோரிச்சில் எட்டாவது மணி செய்த வேலைக்கு இங்கே ஆள் இல்லை. பிள்ளைகளில் பெரியவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெரட்டுக்களத்துப் பக்கம் கையைக் காட்டினாள். இப்போது பெரட்டுக்கு யாரும் அதை அடிப்பதில்லை, கைபேசியில் எழும்பிக்கொள்கிறார்கள். தண்டவாளம் மட்டும் பலாமரத்தில் துருவோடு தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அங்கே போனோம். மரத்தடியில் நாலு பேரும் வரிசையாக நின்று மாறி மாறி அடிக்க, ஒவ்வொரு நாலாவது அடிக்குப் பிறகும் அவளுடைய தம்பி கம்பியால் தண்டவாளத்தை ஒரு தட்டுத் தட்டினான். 12345, 21435, 24135. இடம் மாறாத ஐந்தாவது மணியாக அது ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் விழுந்தது. லயத்து வாசலில் அப்பாயி வயதொத்த ஒரு கிழவி வந்து நின்று, வேலைக்குக் கூப்பிடாத அந்தத் தண்டவாளச் சத்தத்தை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.